பதினோரு மணிக்குப் பார்த்துக்கொள்கிறவர்கள்

அக்காவின் புது ஆபீஸ் ஓர் அட்டைப் பெட்டியில் வந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும், அவள் பெட்டியைக் கட்டிலுக்கு எதிரே இருந்த மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். ஒரு லேப்டாப், ஒரு ஹெட்செட், ஒயர் இல்லாத மவுஸ் ஒன்று, கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டை. அவ்வளவுதான். வாசல் கிடையாது, படிக்கட்டு கிடையாது, வருகிறவர் போகிறவரை முறைத்துப் பார்க்க ஒரு வாட்ச்மேன்கூடக் கிடையாது. கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா உன் ஆபீஸு? என் தலையணை இதைவிடப் பெருசா இருக்கு" என்றார்.

அக்கா என்றால் யாருக்கு அக்கா என்று கேட்பீர்கள். ஒரு கடைக்கே அக்கா. கடைவீதியில் மூன்று மாடி எழும்பி நிற்கிற செருப்புக் கடையில் அவள் பல வருஷம் மேற்பார்வை பார்த்தவள். விற்பனைப் பெண்கள் கூடி நின்று கதை பேசினால் அவள் அதட்ட மாட்டாள், கத்த மாட்டாள். தொண்டையை ஒரு தரம் கனைப்பாள். மூன்று மாடியிலும் முதுகுகள் நிமிரும். முதலாளிகூட அந்தச் சத்தத்துக்குத் தன் நாற்காலியில் சரியாக உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். "கனைப்பு அக்கா" என்று பெண்கள் பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அவள் கணவர் கடைகளுக்கு விளம்பரப் பலகை மாட்டுகிறவர். உயரம் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, தரையில் நடக்கும்போதுதான் தடுக்குவார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஒரு மழை நாளில் ஏணி வழுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எழுந்துவிடும், இவர் எழவில்லை. இடுப்புக்குக் கீழே உயிர் போய்விட்டது. இடது கை பாதிதான் தேறியது. வலது கையும் வாயும் மட்டும் பழையபடி இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும், அது வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார்.

முதலில் சில மாதம் நாத்தனார் வந்து தங்கித் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறதே, எத்தனை நாள் இருப்பாள். அவள் கிளம்பிப் போனதும், அக்காவுக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. கடைக்குப் போனால் அவர் காலையிலிருந்து மாலைவரை போட்டது போட்டபடி கிடப்பார். கடைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அப்போதுதான், வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனி. எங்கேயாவது லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்தினால், அந்த அழைப்பு அக்காவின் காதுக்கு வரும். எந்தக் கட்டிடம், எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். கதவு திறக்கிறவரை அவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பெட்டி திரும்பிப் போனால் அக்கா கடைக்குப் போவாள், அவர் கிடப்பார். அதனால் அந்த மூன்று மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் மனசில் வேறொன்றும் இல்லை.

பயிற்சி என்று வீடியோக்களை அனுப்பினார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே கம்பெனியின் கொள்கைகளைச் சொன்னார். இன்னொருவர் திரையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினார். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று இருந்தது, அதைப் பலமுறை சொன்னார்கள்: எடுத்த அழைப்பில் மௌனம் கூடாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவருக்கு இருட்டைவிடப் பயம், யாரும் பேசாமல் இருப்பதுதான். அக்காவுக்கு இது நன்றாகப் பிடித்தது, எழுதி வைத்துக்கொள்ளாமலே மனசில் பதிந்தது. ஆனால் கூட வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பழகுவது, யாரிடம் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

முதல் நாள் இஸ்திரி போட்ட உடையில், தலையைப் படிய வாரி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படுக்கையறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கணவர் பார்த்துவிட்டு, "என்னைப் பார்க்கவா இவ்வளவு அலங்காரம்?" என்றார். காலை மீட்டிங்கில் திரையில் வட்ட வட்டமாகப் படங்கள் வந்தன. யாரும் முகம் காட்டவில்லை. ஒரு வட்டத்தில் சிவப்புக் குடை. ஒன்றில் பூனைக்குட்டி. ஒன்றில் மலை. டீம் லீடரின் வட்டத்தில் மட்டும் ஒரு முகம், அதுவும் கறுப்புக் கண்ணாடி போட்டது. பெயர்களும் இருந்தன, ஆனால் அக்காவுக்கு மனசில் நின்றவை படங்கள்தான். குடை பேசியது, மலை ஒரு சொல்லில் பதில் சொன்னது, பூனைக்குட்டி சிரித்தது. அக்காவை அறிமுகப்படுத்தினார்கள். அவள் எழுந்து நின்று, கடையில் முதலாளி முன் பேசுகிற மாதிரி, தன்னைப் பற்றி நான்கு வார்த்தை நன்றாகவே பேசினாள். மைக்கை அணைத்து வைத்திருந்தாள் என்பது பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அவள் கூச்சப்படுகிறாள் என்று எண்ணி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கடையில் ஒரு பெண் படியேறி வருகிற நடையைப் பார்த்தே, இன்று வீட்டில் சண்டை, இன்று காய்ச்சல், இன்று யாரோ பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அக்கா சொல்லிவிடுவாள். இங்கே யாருக்கும் நடை இல்லை. குடை சந்தோஷமாக இருந்தாலும் குடைதான், அழுதுகொண்டிருந்தாலும் அதே சிவப்புக் குடைதான். பழக்க தோஷத்தில் ஒருநாள் தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். அறைக்குள் சுவரும் கணவரும்தான் கேட்டார்கள். மனிதர் உடனே முதுகை நிமிர்த்துகிற மாதிரி பாவனை செய்தார். அக்கா சிரித்துவிட்டாள். அத்தனை வருஷம் சேர்த்து வைத்த கெட்டிக்காரத்தனம் எல்லாம் கடை வாசலோடு நின்றுவிட்டது, இங்கே தான் வெறும் கைதான் என்று அவளுக்கு அன்று பட்டது.

வேலையில் குறை வைக்கவில்லை. லிஃப்டுக்குள் அழுகிறவர்களிடம் பேசுவது அவளுக்குக் கைவந்த கலை. கட்டிலோடு கிடக்கிற மனிதரிடம் பேசிப் பழகியவள் அல்லவா. ஆனால் திரையின் ஓரத்தில், அவள் படத்துக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. ஆள் இருக்கையில் இருந்தால் பச்சை. சில நிமிஷம் மவுஸைத் தொடாவிட்டால் மஞ்சள். அந்தப் புள்ளிதான் அவள் உயிரை வாங்கியது. அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றிப் படுக்க வைக்கக் கால் மணி நேரம் ஆகும். மற்ற நேரத்துப் புரட்டலை வேலைக்கு முன்னாலும் சாப்பாட்டு நேரத்திலும் மூன்று மணிக்கு வேலை முடிந்த பிறகும் ஒப்பேற்றிவிடலாம். காலை பதினோரு மணிப் புரட்டல் மட்டும் வேலைக்கு நட்டநடுவில் வந்து நின்றது.

குழுவில் மற்றவர்களும் எழுந்து போகாமலா இருந்தார்கள்? அரட்டைப் பெட்டியில் ஒரு நாளைக்குப் பலமுறை ஒரே வார்த்தை வந்து விழும்: "பாத்துக்கோங்க." குடை போடும், பூனைக்குட்டி போடும். ஏன், எதற்கு, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் இருக்காது. உடனே வேறொருவர் "பாத்துக்கறேன்" என்று போடுவார். எழுந்து போகிறவருக்கு வர வேண்டிய அழைப்புகள் பார்த்துக்கொள்கிறவருக்குப் போகும். எழுந்தவர் புள்ளி எந்த நிறத்தில் இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. இத்தனையும் அக்கா தினம் தினம் பார்த்தாள். பார்த்தும், அது தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஏன் அப்படி நினைத்தாள் என்றால், அவள் வந்த இடம் அப்படி. செருப்புக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல்கள் இருக்கும். நிரந்தரமான பெண்கள் உட்காரலாம். புதிதாக வந்தவள் கால் கடுத்தாலும் நிற்க வேண்டும். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது, எவரும் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது. புதியவள் தானே புரிந்துகொள்வாள். புரியாமல் உட்கார்ந்தவளுக்கு அக்காவின் கனைப்பு புரிய வைத்திருக்கிறது. சலுகை என்பது பழையவர்களுக்கு என்று அவள் எலும்பில் ஊறிப்போயிருந்தது. நிரந்தரம் ஆகாத தான் "பாத்துக்கோங்க" என்று போட்டால், திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பார்த்துக் கனைப்பார்கள் என்று பயந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்களோ, இந்த அம்மாள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கிறதில்லையே, இரும்பில் செய்த ஆள் போலிருக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவள் அழவும் இல்லை, அழலாம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை.

அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். பதினோரு மணிக்கு மவுஸைக் கொண்டுபோய்க் கணவரின் வலது கையில் கொடுப்பாள். அவள் புரட்டித் துடைத்து முடிக்கிறவரை அவர் அதை மெத்தைமேல் மெதுவாக அசைத்துக்கொண்டிருப்பார். புள்ளி பச்சையாகவே இருக்கும். பொத்தானில் விரல் படக் கூடாது, உள்ளங்கையால் தள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும், எடுக்காவிட்டால் கொஞ்சத்தில் அடுத்தவருக்குத் தாவிவிடும். ஓரிரண்டு தவறினால் தலையா போய்விடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கதைதான்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். ஏணியிலிருந்து விழுந்த பிறகு, அவரால் ஆகிற காரியம் என்று அவரிடம் யாரும் எதையும் கொடுக்கவில்லை. பதினோரு மணி நெருங்கும்போதே கையை நீட்டி விரல்களை மடக்கி விரிப்பார். "வேலைக்கு நேரமாச்சு, மெஷினைக் கொடு" என்பார். சம்பளத்தில் தன் பங்கைத் தனியாகக் கேட்பேன் என்று மிரட்டுவார். பெண்டாட்டி தன் அழுக்கைத் துடைக்கிற அந்தக் கால் மணி நேரத்தை, இத்தனை நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடந்தவர், மவுஸ் வந்த பிறகு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

மூன்றாவது மாதம் முடியப் போகிற சமயம். அன்றும் பதினோரு மணிக்கு மவுஸ் அவர் கைக்குப் போனது, ஹெட்செட் மேஜைமேல் கிடந்தது. அக்கா அவரை ஒருக்களித்துத் திருப்பியபோது அவருக்குத் தோள்பட்டையில் வலி சுண்டி இழுத்தது. கை தானாக இறுகியது. அதே நேரத்தில் திரையில் ஓர் அழைப்பு வந்து நின்றிருந்தது. அழுந்திய பொத்தான் அதை எடுத்துவிட்டது. அவரும் பார்க்கவில்லை, திரைக்கு முதுகைக் காட்டி நின்ற அக்காவும் பார்க்கவில்லை. அவர் முனகினார். அவள் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிழிந்தாள். ஈரத் துணியால் துடைத்து, பவுடர் போட்டு, போர்வையை இழுத்து விட்டு, கை கழுவி வந்து ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். காதுக்குள் ஒரு பெண் கதறிக்கொண்டிருந்தாள்.

அக்கா நின்றபடியே பேசத் தொடங்கினாள். கட்டிடம் கேட்டாள், மெக்கானிக்கை அனுப்பினாள், கதவு திறக்கிறவரை அந்தப் பெண்ணை மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டும் நிம்மதி வரவில்லை. வெளியே கால் வைப்பதற்கு முன் அந்தப் பெண் அடங்கின குரலில் கேட்டாள்:

"கரண்டு இல்ல, இருட்டு. நீங்க எடுத்தது தெரிஞ்சுது. எவ்வளவு நேரமா ஹலோ ஹலோன்னு கத்தினேன். அங்க யாரோ முனகினாங்க, தண்ணிச் சத்தம் கேட்டுது, ஆனா எனக்கு மட்டும் யாருமே பதில் சொல்லல. என்னை அப்படியே விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். ஏன் பேசல?"

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள் அக்கா. தன் பயத்துக்கு இன்னொருத்தியை இருட்டில் நிறுத்திவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அன்று பகல் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் தன் வலது கையையே பார்த்தபடி கிடந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா. எல்லா அழைப்பும் பதிவாகிறது. மறுநாளே மீட்டிங்குக்கு அழைப்பு வந்தது. டீம் லீடரும், பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கிற தர அதிகாரியும். இருவரும் கேமராவைப் போட்டிருந்தார்கள், அக்கா போடவில்லை. தர அதிகாரி அதிகம் பேசவில்லை, ஒலிப்பதிவைப் போட்டார். ஹெட்செட்டில் கேட்கத் தோன்றாமல் அக்கா ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். லிஃப்டுக்குள் அந்தப் பெண் அழுவதும், அதற்குப் பின்னால் துணி பிழிகிற சத்தமும், ஓர் ஆண் வலியில் முனகுவதும், "ஆச்சு, ஆச்சு" என்று அக்காவின் குரலும் அறை முழுவதும் கேட்டன. அக்கம்பக்கத்தாரைக்கூட உள்ளே விடாத மனிதர் அவர். படுத்திருக்கிற கோலத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னவர். அவருடைய முனகலை இப்போது முன்பின் தெரியாத இருவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பதிவு முடிந்தது. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தர அதிகாரி கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து கணவரின் குரல் வந்தது.

"அதை இந்தப் பக்கம் திருப்பு. அந்தக் கேமராவையும் போடு."

அவள் தயங்கினாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் லேப்டாப்பைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஐயா, அம்மா, வணக்கம்" என்றார் அவர். "அந்த மவுஸ் என் கையில இருந்துது. நான்தான் அமுக்கிட்டேன். என்னைப் புரட்டலைன்னா புண்ணு வந்துடும், அதுக்காகத்தான் அவ எழுந்தா. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னாலும் நானே கேக்கறேன்."

கறுப்புக் கண்ணாடி இல்லாத டீம் லீடர் அக்காவைவிட ரொம்பச் சின்னப் பெண்ணாக இருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள். கோபமாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது.

"ஒரு வார்த்தை 'பாத்துக்கோங்க'ன்னு போட்டிருக்கலாமே. ஏன் போடல?"

"அது நிரந்தரம் ஆனவங்களுக்குன்னு நினைச்சேன் மேடம்."

டீம் லீடர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தினம் தினம் கண்ணெதிரே நடக்கிறதே, தெரியாமலா இருக்கும் என்று தாங்கள் எல்லாரும் நினைத்துவிட்டதாகச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள், இங்கே ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டோம் என்றாள். தர அதிகாரி விதியைச் சொன்னார். எடுத்துவிட்டுப் பேசாமல் விட்ட அழைப்பு என்றால், புதியவர்களை அனுப்பிவிட வேண்டியதுதான். டீம் லீடர் அவரோடு வாதாடினாள். கடைசியில், அதுவரை பார்த்த மாதங்கள் கணக்கில் வராது, மூன்று மாதம் முதலிலிருந்து தொடங்கும் என்று முடிவானது. தண்டனைதான், ஆனால் பெட்டி திரும்பிப் போகவில்லை. அக்கா நன்றி சொன்னாள். மீட்டிங் முடிந்ததும் கணவரின் நெற்றியில் கையை வைத்தாள். அவருக்கு வியர்த்திருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் அரட்டைப் பெட்டியில் அந்த ஒரு வார்த்தையைத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடன் கேட்கிறவளுக்குக்கூட அவ்வளவு கூச்சம் இருக்காது. "அனுப்பித் தொலை, முதுகு எரியுது" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்ததும் அனுப்பினாள். கண்ணிமைக்கிற நேரத்தில் குடை, "பாத்துக்கறேன் அக்கா, நிதானமா வாங்க" என்று போட்டது. அக்கா என்று இங்கே அவளை முதலில் கூப்பிட்டது அந்தக் குடைதான்.

அதன் பிறகு அவள் அந்த வார்த்தையைப் போட வேண்டிய தேவையே அநேகமாக வரவில்லை. பதினோரு மணிக்கு அவர்களில் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு "பாத்துக்கறேன்" என்று போட்டுவிடுவார். குடை விடுப்பில் இருந்தால் பூனைக்குட்டி, பூனைக்குட்டி இல்லாவிட்டால் மலை. அக்காவும் சும்மா இருக்கவில்லை. பூனைக்குட்டிக்குக் குழந்தை அழும் நேரம், மலைக்குத் தகப்பனை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் நாள், எல்லாம் மெல்ல மெல்ல அவளுக்குத் தெரியவந்தன. நடையைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, ஒருவர் எழுதுகிற வேகத்திலும் விடுகிற எழுத்திலும் அவர் வீட்டு நிலவரம் தெரிகிறது என்று கண்டுகொண்டாள். வேலை நிரந்தரம் ஆனது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே தானாகக் கூப்பிட்டு, "வீடியோவுல சொல்லாதது ஒண்ணு இருக்கு, கேட்டுக்கோ" என்று தொடங்கிவிடுவாள். கனைப்பு அக்காவா இது என்று செருப்புக் கடைப் பெண்கள் பார்த்திருந்தால் மூக்கின்மேல் விரல் வைத்திருப்பார்கள்.

கணவர் மவுஸை மறக்கவில்லை. வேலையை விட்டு நீக்கிவிட்டாய் என்று அவளிடம் குறைபட்டுக்கொள்வார். பதினோரு மணிக்கு, "இன்னைக்கு யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்பார். மலை என்றாளானால், பாவம் அவன் அப்பாவுக்கு எப்படி இருக்காம் என்பார். ஒருவரையும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயர்கள் அந்த அறையில் சொந்தக்காரர்கள் போலப் புழங்கின.

இரண்டு வருஷத்துக்கும் மேல் அப்படி ஓடியது. முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. அக்கா அந்த விஷயத்தில் எமனையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். அவன் வேறு வழியாக வந்தான். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது, நுரையீரலுக்கு இறங்கியது. ஆம்புலன்ஸ் கீழே வந்து நிற்கும்போது அக்கா குழுவில், "வீட்டுல உடம்பு சரியில்ல, சில நாள் வரமாட்டேன், பாத்துக்கோங்க" என்று போட்டுவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் அவர் நான்கைந்து நாள்தான் இருந்தார். கடைசியாகப் பேசியது, ஆக்ஸிஜன் கவசத்துக்குள்ளிருந்து, "பாவம், நீ தூங்கு" என்றுதான்.

நாத்தனார் வந்தாள், சொந்தக்காரர்கள் வந்தார்கள், பழைய கடைப் பெண்கள்கூட வந்தார்கள். குழுவிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுக்கு வீடு தெரியாது, எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அக்காவும் சொல்லி அனுப்பவில்லை. வந்தவர்களுக்குப் பாய் விரிப்பது, தண்ணீர் கொடுப்பது, நாத்தனார் அழும்போது பிடித்துக்கொள்வது என்று அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். கல்லு மாதிரி நிற்கிறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எல்லாரும் போன பிறகு செருப்புக் கடை முதலாளி ஆள் அனுப்பினார். இனிமேல் வீட்டில் கிடக்க வேண்டியதில்லையே, பழைய இடத்துக்கே வந்துவிடு என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலை என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே இஸ்திரி போட்ட உடையை எடுத்து உடுத்தி, மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

புள்ளி பச்சையானது. யாரும் துருவிக் கேட்கவில்லை. வந்துட்டீங்களா அக்கா என்று மட்டும் கேட்டார்கள். அழைப்புகள் வந்தன, எடுத்தாள், பேசினாள். வேலை ஓடிக்கொண்டிருந்தபோதே திடீரென்று எல்லாம் நின்றது. ஓர் அழைப்பும் வரவில்லை. இணையம் போய்விட்டதோ என்று பார்த்தாள். அரட்டைப் பெட்டியில் பூனைக்குட்டி எழுதியிருந்தது: "அக்கா, பாத்துக்கறேன். போய்ட்டு வாங்க." மணி பதினொன்று.

அக்கா திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எழுந்து போய்ச் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. அவள் வெகுநேரம் விரலைப் பொத்தான்கள்மேல் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு எழுதினாள்: "இனிமே பதினோரு மணிக்கு எனக்காக யாரும் பாத்துக்க வேண்டாம். அவர் போயிட்டார்."

பெட்டியில் யாரோ எழுதுவதாகப் புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. எழுதி எழுதி அழிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் வந்தது மலைதான். ஒரு சொல்லுக்கு மேல் எழுதியறியாத மலை.

"பதினோரு மணி உங்களோடதுதான் அக்கா. யாருக்கும் திருப்பித் தர வேண்டாம். எழுந்து போங்க, நாங்க இருக்கோம்."

அவள் எழுந்து போனாள். வெறும் கட்டில் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை, அத்தனை பேர் நடுவில் வராத அழுகை, அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளாமல், யாராவது கூப்பிடுவார்கள் என்ற பயம் இல்லாமல், அந்தக் கால் மணி நேரமும் அவள் அழுதாள்.